ஈய நிலமும் வீட்டுக் காற்றும்

ஈயம் என்னும் ஒரே சொல்லால் நாம் இரண்டு உலோகங்களைக் குறித்து வருகிறோம். பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் பூசுவது வெள்ளீயம். மீன் வலையின் விளிம்பில் கனத்திற்காகக் கோப்பது காரீயம். நூல்கள் இவ்விரண்டையும் அடைமொழி கொடுத்துப் பிரித்துக் காட்டினாலும், பேச்சு வழக்கு அடைமொழியை உதறிவிட்டது. கோலாலம்பூர் என்னும் நகரம் வெள்ளீயத்தால் பிறந்தது. 1857ஆம் ஆண்டில் கிள்ளான் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் ஆற்றுவழியே மேலேறி அம்பாங்கில் ஈயம் தேடியதையும், அவர்களுள் 69 பேர் ஒரு திங்களுக்குள் காய்ச்சலுக்கு இரையானதையும் ஆசிரியர்கள் மாணவர்க்குச் சொல்லித் தந்திருப்பார்கள். அந்த வெள்ளீயத்தை ஈன்ற கருங்கல்லிலிருந்து வாயு ஒன்று ஓயாது கசிந்துகொண்டிருக்கிறது. அதற்கு நிறமில்லை; மணமில்லை; சுவையில்லை. வெளிப்பட்ட நான்கு நாள்களுக்குள் அது பாதியாகச் சிதைந்து, பல படிகளைக் கடந்து, கடைசியில் காரீயமாக மாறி அடங்குகிறது. வெள்ளீய நிலத்து வாயு காரீயமாய் முடிவது சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுடைய அன்பர்களுக்குச் சுவை தரும் செய்தி. அவ்வாயுவின் பெயர் ரேடான்.

வீட்டுக்குள் ரேடான் எவ்வளவு இருக்கிறது என்று சோதிப்பது எப்பொழுது, ஏன் என்னும் வினா, அமெரிக்கா, கனடா, பிரிட்டன், சுவீடன் போன்ற நாடுகளில் வீடு வாங்குவோரும் விற்போரும் அறிந்த வினா. நம் நாட்டில் அதைக் கேட்பார் அரியர். அதற்கு நல்ல காரணம் ஒன்று நெடுங்காலமாக இருந்து வந்தது. அக்காரணம் நம் கண்ணெதிரே மெல்ல மறைந்து வருகிறது என்பதே இக்கட்டுரை சொல்ல வந்தது. அதை விளக்க, முதலில் நம் மண்ணை விட்டு நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருக்கிறது.

வெள்ளி விளைந்த மலை

ஜெர்மனிக்கும் செக் நாட்டுக்கும் இடையே ஒரு மலைத்தொடர் உண்டு. அதன் வடபால் ஷ்னீபெர்க், தென்பால் யோவாக்கிம்ஸ்தால் என்னும் இரண்டு சுரங்க ஊர்கள். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யோவாக்கிம்ஸ்தாலில் வெள்ளி குவிந்தது. அவ்வூர் வெள்ளியில் அடித்த காசுக்கு ஊர்ப்பெயரின் கடைப்பகுதியாகிய 'தாலர்' என்பதே பெயராயிற்று. அதுவே உருமாறி உலகெங்கும் 'டாலர்' என வழங்குகிறது. மலேசியத் தமிழர் ரிங்கிட்டை இன்றும் 'வெள்ளி' என்றே சொல்லுகிறோம். காசுக்கு ஆங்கிலேயர் அவ்வூரின் பெயரை எடுத்துக்கொண்டனர். நாமோ அவ்வூரில் விளைந்த பொருளின் பெயரை எடுத்துக்கொண்டோம்.

அவ்வூரில் மருத்துவராக 1527இல் வந்தமர்ந்தவர் அக்ரிகோலா. சுரங்கத் தொழிலைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1556இல், அவர் இறந்த மறு ஆண்டு, வெளிவந்தது. சுரங்கத் தூசி நுரையீரலை அரிப்பதை அந்நூல் பேசுகிறது. கார்பேத்திய மலைச் சுரங்கங்களின் பக்கத்தே ஏழு கணவரை மணந்து எழுவரையும் இந்நோய்க்குப் பறிகொடுத்த பெண்கள் இருந்தனர் என்று அவர் எழுதியிருப்பது இரக்கத்தை மட்டுமன்றி வியப்பையும் தருவது. நோயின் அளவை எண்ணால் சொல்ல முயன்ற பழைய முயற்சி அது. மருந்தாக அவர் எதைச் சொன்னார்? காற்றைச் சொன்னார். துருத்தி வைத்தும் விசிறி சுழற்றியும் சுரங்கத்திற்குள் நற்காற்றை ஏற்றும் பொறிகளைப் படம் போட்டு விளக்கினார். நோயின் காரணி இன்னதென்று அறியாத காலத்திலேயே அதன் மாற்று கைக்கெட்டிவிட்டது. நான்கரை நூற்றாண்டுக்குப் பிறகும் நாம் அதனினும் மேலான மாற்று ஒன்றைக் கண்டுவிடவில்லை.

1879இல் ஹேர்ட்டிங், ஹெஸ்ஸே என்னும் இரு மருத்துவர்கள் ஷ்னீபெர்க் சுரங்கத்தாரின் உடல்களை அறுத்துப் பார்த்து, அவர்களைக் கொன்றது நுரையீரலில் எழுந்த புற்றுக்கட்டியே என்று தெரிவித்தனர். இறந்தவர்களுள் நான்கில் மூவர் அதனால் இறந்தவர். அது சிகரெட் பரவாத காலம். நுரையீரற் புற்று மருத்துவர் காணாத அரிய நோயாக இருந்த காலம். ஆர்செனிக்கு நஞ்சு என்றனர் சிலர். சுரங்கத்துப் பூஞ்சை என்றனர் சிலர். ஒரே ஊருக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதால் வந்த குடிக்குறை என்றும் சிலர் சொன்னதுண்டு. ஏழை உழைப்பாளியின் நோய்க்கு அவன் குடும்பத்தையே காரணமாக்கும் வழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு போலும்.

உண்மை வேறு வழியாக வந்தது. யோவாக்கிம்ஸ்தாலின் வெள்ளி தீர்ந்தபின் எஞ்சிய கருநிறக் கனிமத்தில் யுரேனியம் இருந்தது. அதைக் காய்ச்சி வடித்தே 1898இல் மேரி கியூரியும் பியேர் கியூரியும் பொலோனியத்தையும் ரேடியத்தையும் கண்டனர். 1899இல் மாண்ட்ரியலில் ரதர்போர்டும் ஓவென்ஸும் தோரியத்திலிருந்து ஒரு வாயு கசிவதைக் கண்டனர். மறு ஆண்டு ஜெர்மனியில் டோர்ன் என்பவர் ரேடியத்திலிருந்தும் அத்தகைய வாயு எழுவதைக் கண்டார். பின்னது ரேடான், முன்னது அதன் உடன்பிறப்பு, தோரான். 1920களில் அவ்விரு ஊர்ச் சுரங்கக் காற்றையும் அளந்தபொழுது ரேடான் மிகுந்திருப்பது தெரிந்தது. நானூறு ஆண்டுப் புதிருக்கு விடை கிடைத்தும் உலகம் அதைச் செவிமடுக்கவில்லை. ஏனெனில் அதே யோவாக்கிம்ஸ்தாலில் 1906 முதலே ரேடான் கலந்த ஊற்றுநீரில் நோயாளிகளைக் குளிப்பாட்டும் விடுதி நடந்து வந்தது. ரேடியம் கலந்த நீரை வலிமை தரும் மருந்தென்று புட்டியில் அடைத்து விற்ற காலமும் அதுவே. அமெரிக்காவிலோ, அணுகுண்டுக்காக யுரேனியம் தோண்டிய நவஹோ பழங்குடி மக்கள் காற்றோட்டமற்ற சுரங்கங்களில் வேலை செய்து அதே நோய்க்கு ஆளாயினர். அவர்களுக்கு இழப்பீடு தரும் சட்டம் 1990இல்தான் பிறந்தது.

வாயு எவ்வாறு கொல்கிறது

இவ்விடத்தில் வாயுவின் தன்மையைச் சிறிது விளக்குதல் தகும். யுரேனியம் நிலத்தின் எல்லாப் பாறையிலும் சிறிதளவு உண்டு, கருங்கல்லில் மிகுதி. அது சிதைந்து சிதைந்து ரேடியமாகிறது. ரேடியம் சிதைந்து ரேடானாகிறது. இந்த வரிசையில் ரேடான் ஒன்றே வாயு. முன்னும் பின்னும் வருவன யாவும் திண்பொருள்கள். ஆகையால் மற்றவை கல்லுக்குள் கிடக்க, ரேடான் மட்டும் மண்ணின் துளைகள் வழியே நழுவி மேலேறிவிடுகிறது. அதன் ஆயுளில் பாதி 3.8 நாள். எந்தப் பொருளோடும் சேராத வாயுவாதலின், மூச்சோடு உள்ளே போனது பெரும்பாலும் மூச்சோடே வெளியே வந்துவிடும். தீங்கு செய்வன அதன் பிள்ளைகளே. பொலோனியம் முதலிய அத்திண்பொருள்கள் காற்றிலுள்ள தூசியைப் பற்றிக்கொண்டு நுரையீரலின் கிளைக்குழல்களில் படிந்து, சில நிமிடங்களில் சிதைந்து, ஆல்பாத் துகளை வீசுகின்றன. ஆல்பாத் துகள் ஒரு தாளைக்கூடத் துளைக்காது. எனவே தோலுக்கு வெளியே அதனால் இடரில்லை. நுரையீரலின் மெல்லிய உட்தோலில் ஒட்டிக்கொண்டால் அங்கே தடுக்கத் தாளும் இல்லை.

காற்றிலுள்ள அளவைப் பெக்கரல் என்னும் அலகால் சொல்லுவர். ஒரு கன மீட்டர் காற்றில் நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல். திறந்த வெளியில் ரேடான் மிகக் குறைவு. அடைபட்ட இடத்தில் சேர்ந்துவிடுகிறது.

சுரங்கத்து நோயாகிய இது வீட்டு நோயாகவும் இருக்கக்கூடும் என்று பொதுமக்கள் அறிந்தது 1984 டிசம்பரில். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து அணுமின் நிலையம் ஒன்றில் வேலை பார்த்த பொறியாளர் ஒருவர், நிலையத்து வாயிலைக் கடக்கும்போதெல்லாம் கதிரியக்கம் காட்டும் மணி அடித்தது. நிலையமோ இன்னும் மின்சாரம் எடுக்கத் தொடங்கவே இல்லை. விசாரித்ததில், கதிரியக்கத்தை அவர் நிலையத்திலிருந்து கொண்டுபோகவில்லை, தம் வீட்டிலிருந்து கொண்டுவருகிறார் என்பது தெரிந்தது. அவ்வீட்டுக் காற்றில் ரேடான் ஏறத்தாழ 1,00,000 பெக்கரல். அமெரிக்க அரசு பின்னர் வகுத்த நடவடிக்கை அளவு 148 பெக்கரல். உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் சொன்னது 100, எவ்வாற்றானும் 300க்கு மேற்படலாகாது என்பது. 1988இலேயே ரேடான் புற்றுநோய் விளைப்பது என்று ஐயமின்றி வகைப்படுத்தப்பட்டது.

அச்சம் எவ்வளவு தகும் என்பதையும் எண்ணால் அறிவதே முறை. ஐரோப்பாவில் நடந்த 13 ஆய்வுகளை ஒன்றுகூட்டி 2005இல் வெளியிட்ட கணக்கின்படி, நெடுங்காலச் சராசரியில் ஒவ்வொரு 100 பெக்கரல் கூடுதலுக்கும் நுரையீரற் புற்றுக்குரிய வாய்ப்பு 16 விழுக்காடு ஏறுகிறது. புகைபிடிக்காதவருள் 75 வயதுக்குள் அந்நோயால் இறப்போர் ரேடான் இல்லாத வீட்டில் ஆயிரத்தில் 4 பேர். 400 பெக்கரல் உள்ள வீட்டில் ஆயிரத்தில் 7 பேர். சிகரெட் பிடிப்போருள் அதே எண்கள் நூற்றுக்கு 10, நூற்றுக்கு 16. ஆயிரத்திற்கும் நூற்றுக்கும் உள்ள வேறுபாட்டை அன்பர்கள் நோக்குக. ரேடானும் புகையும் தனித்தனியே செய்வதைவிடச் சேர்ந்து செய்வது பெரிது.

மணலும் மண்ணும்

இனி நம் நாட்டுக்கு வருவோம். தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல்லே நம் வெள்ளீயத்தின் தாய். அக்கருங்கல் யுரேனியமும் தோரியமும் சராசரிக்கு மிக்கது. மழையிலும் ஆற்றிலும் அரைபட்டு வந்த அதன் மணல், சுண்ணாம்புப் பாறைப் பள்ளங்களில் ஈயத்தோடு படிந்தது. அம்பாங், சுங்கை பீசி, பூச்சோங் எனச் செராஸைச் சூழ்ந்த பக்கங்களிலெல்லாம் அதைத்தான் தோண்டினார்கள். மண்ணை நீரால் பீய்ச்சிக் கரைத்து, பாலோங் என்னும் நெடிய மரச் சாய்வில் ஓடவிட்டால், மணல் போய்விடும். ஈயம் அடியில் தங்கும். ஈயத்தோடு கனமான வேறு சில கனிமங்களும் தங்கும். அவற்றைப் பிரித்தெடுத்து ஒதுக்கிய கருமணலுக்கு அமாங் என்று பெயர். அதில் இல்மனைட்டு, சிர்க்கான் முதலியவற்றோடு மோனசைட்டும் உண்டு. மோனசைட்டில் உள்ளது தோரியம்.

மோனசைட்டு தமிழர்க்குப் புதிய பொருளன்று. 1909இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னை நாரில் ஒட்டியிருந்த மணலில் அதைக் கண்டார். அதன் பயனாகக் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. எதற்காக அத்தனை முயற்சி? விளக்குக்காக. வாயு விளக்கின் மேண்டில் வெண்மையாய் ஒளிர்வதற்குத் தோரியம் வேண்டியிருந்தது. திருமண ஊர்வலத்திலும் தேர்த் திருவிழாவிலும் தலையில் சுமந்து சென்ற பெட்ரோமாக்ஸ் விளக்கின் ஒளி, ஒரு வகையில், குமரிக் கடற்கரை மணலின் ஒளியே.

குமரி முதல் கொல்லம் வரை அம்மணல் பரந்த கரையில் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறார்கள். கேரளத்தின் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரி பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து பார்த்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, அங்கே இயற்கைக் கதிர்வீச்சு மிக்கிருந்தும் அதனால் புற்றுநோய் மிகவில்லை என்று தெரிவித்தது. இது கேட்டு வியப்போர் உண்டு. தோரியத்திலிருந்து எழும் தோரானின் அரையாயுள் 55 நொடியே. மணலிலிருந்து எழுந்து தரையைக் கடந்து வீட்டுக்குள் பரவுமுன் அதன் பெரும்பகுதி மடிந்துவிடுகிறது. ஓலையும் ஓடும் வேய்ந்து, வாயிலைத் திறந்தே வைத்திருக்கும் கடற்கரை வீட்டில் எஞ்சியதும் தங்குவதில்லை. ரேடானைப் பற்றிய பேச்சில் மணலின் நேர்க்கதிர்வீச்சு வேறு, மூச்சுக் காற்று வேறு என்பதை மறவாதிருத்தல் நன்று.

நம் நாட்டில் அமாங்கின் பெயர் புக்கிட் மேரா வழக்கால் ஊரறிந்தது. ஈப்போவுக்கு அருகே அவ்வூரில் 1982 முதல் மோனசைட்டிலிருந்து அரிய மண்கனிமங்களைப் பிரித்த ஆலையின் தோரியக் கழிவை எதிர்த்து ஊர்மக்கள் 1985இல் வழக்குத் தொடுத்தனர். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை நிறுத்தச் சொன்னது. 1993இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 1994இல் ஆலை தானே மூடிக்கொண்டது. அது ரேடான் வழக்கன்று. ஆயினும் எவர் அளந்தார், எங்கே அளந்தார், எப்பொழுது அளந்தார் என்பதிலேயே ஒரு வழக்கின் உயிர் தங்கியிருக்கும் என்பதை மலேசியர் அறிந்துகொண்டது அப்பொழுதுதான்.

இனி இரண்டு எண்கள். கதிரியக்கத்தின் விளைவை ஆராயும் ஐக்கிய நாடுகள் அறிவியற் குழு 2000ஆம் ஆண்டில் நாடுவாரியாக ஓர் அட்டவணை வெளியிட்டது. மலேசிய மண்ணில் ஒரு கிலோவுக்கு ரேடியம் சராசரி 67 பெக்கரல். உலக நடு அளவு 35. ஏறத்தாழ இருமடங்கு. அதே அறிக்கையில் வீட்டுக்குள் ரேடான் உலகச் சராசரி 40 பெக்கரல். மலேசிய வீடுகளில் 14. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மண்ணில் இருமடங்கு இருப்பது வீட்டில் மூன்றில் ஒன்றாவது எங்ஙனம்?

திறந்த வீடு, மூடிய வீடு

விடை வீட்டின் அமைப்பில் இருக்கிறது. மலாய்க்காரரின் கம்பத்து வீடு தூண்களின்மேல் நின்றது; மண்ணுக்கும் தரைக்கும் இடையே கோழி திரியும் அளவு வெளி. சீனரின் கடைவீட்டில், ஐந்தடியைக் கடந்து உள்ளே போனால் நடுவில் வானம் பார்த்த முற்றம். செட்டிநாட்டிலும் தஞ்சையிலும் நாம் கண்ட முற்றத்திற்கு அது உறவு. தோட்டத்து லயன் வீடுகளுக்கோ பலகைச் சுவர். அத்தாப்புக் கூரை, பின்னாளில் தகரம். சுவர் கூரையைத் தொடாமல் நின்றுவிடும். அண்டை வீட்டுக் குழந்தை இருமினால் இங்கே கேட்கும். அவ்வீடுகளைப் புகழ்வது நம் நோக்கமன்று. காய்ச்சலும் நெருக்கடியும் அங்கே தின்ற உயிர்கள் ஏராளம். விறகுப் புகையும் சேர்ந்தே தின்றது. காற்று மட்டும் கங்காணியின் உத்தரவைக் கேட்காமல் வந்து போயிற்று.

பிரிக்பீல்ட்ஸின் கதை சற்று வேறு. 1881இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அழித்தபின், அத்தாப்பு நகரம் செங்கல் நகரமாக மாறத் தொடங்கியது. செங்கல் சுட்ட சூளைகளே அவ்வட்டாரத்துக்குப் பெயர் தந்தன. 1886இல் கிள்ளான் பக்கம் இருப்புப்பாதை ஓடிற்று; பின்னர் ரயில்வேயில் வேலைக்கு வந்த இலங்கைத் தமிழரும் இந்தியத் தமிழரும் அங்கே குவார்ட்டர்ஸ்களில் குடியேறினர். செங்கல்லும் மண்ணே, அதிலும் ரேடியம் உண்டு. ஆனால் சூளையில் வெந்த களிமண்ணின் துளைகள் இறுகிவிடுவதால் வாயு பெரும்பாலும் உள்ளேயே அடைபட்டு அங்கேயே மடிகிறது. அக்காலத்துக் குடியிருப்புகளில் கூரை உயரம். கதவுக்கு மேலும் சன்னலுக்கு மேலும் காற்றுப்புழை. மரச் சட்டச் சன்னல். வெப்பத்திற்கு அஞ்சிச் செய்த ஏற்பாடு, எவரும் நினையாமலேயே, பெயரறியாத வாயுவுக்கும் வழி விட்டது. நம் வீடுகளில் ரேடான் சோதனை வேண்டாதிருந்த காரணம் இதுவே. சோதித்துப் பார்த்து அச்சம் தீர்ந்ததன்று, திறந்திருந்ததால் தீர்ந்தது.

இப்பொழுது நிலைமை என்ன? 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. எஞ்சிய சுரங்கங்களும் ஒவ்வொன்றாக மூடின. ஈயக்குட்டைகள் ஏரிகளாயின; அவற்றைச் சுற்றி வீடுகளும் கடைத்தொகுதிகளும் எழுந்தன. சுங்கை பீசிப் பக்கத்துச் சுரங்கப் பள்ளம் இன்று படகு விடும் ஏரி. அதன் கரையிலுள்ள பேரங்காடியின் பெயரே 'மைன்ஸ்'. தோட்டங்களை விட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் அடுக்குமாடிகளிலும் வரிசை வீடுகளிலும் அமர்ந்தன. வரிசை வீட்டின் பின்புறம் திறந்து கிடந்த இடத்தை மூடிச் சமையலறை ஆக்காதவர் அரியர். இதை எழுதுபவனும் செராஸில் அதைச் செய்தவனே. மூடிய வீட்டில் புழுக்கம், புழுக்கத்திற்குக் குளிர்சாதனம், குளிர் வெளியேறாதிருக்கக் கண்ணாடிச் சன்னலை இறுக்கிச் சாத்துதல். கதவின் மேலிருந்த காற்றுப்புழைகளைக் கொசுவுக்காக அட்டை வைத்து அடைத்தோம்.

இதனால் பென்சில்வேனியா நமக்கும் வந்துவிட்டது என்று கூவுவது தவறு. குளிர்நாட்டில் வீட்டுக்குள் சூடு மூட்டுவர்; சூடான காற்று மேலெழுந்து கூரை வழியே போகப் போக, நிலவறை மண்ணிலிருந்து வாயுவை உறிஞ்சி இழுக்கும். நம் வீட்டிலோ உள்ளே குளிர், வெளியே வெப்பம்; குளிர்ந்த காற்று கீழிறங்குவதால் அந்த உறிஞ்சல் இங்கே நிகழ்வதில்லை. நிலவறையும் நம் வீடுகளுக்கு இல்லை. நமக்கு வரக்கூடியது வேறு வகை. அதற்கு எடுத்துக்காட்டு ஹாங்காங். அங்கும் தரை கருங்கல். கான்கிரீட்டில் கலந்த ஜல்லியும் கருங்கல். மாடி எவ்வளவு உயரமாயினும் சுவரே வாயு விடும். சன்னல் மூடிய நகரமாகிய அதன் வீட்டளவு, முன் சொன்ன அட்டவணையில், 41 பெக்கரல். நம்முடையதைப்போல் மூன்று மடங்கு. நம் கான்கிரீட்டுக்கும் ஜல்லி காஜாங் முதலிய இடத்துக் கருங்கல் குவாரிகளிலிருந்தே வருகிறது. 41 என்பது அஞ்சத்தக்க எண்ணன்று. ஆனால் சராசரி என்பது எல்லா வீட்டையும் காட்டுவதுமன்று. 14 என்று எழுதிய அறிக்கை நாம் சன்னலைச் சாத்துமுன் எடுத்த அளவுகளைக் கொண்டது என்பதையும் நினைக்க வேண்டும்.

எப்பொழுது சோதிப்பது

ஆகவே, நம் நாட்டில் சோதனைக்குரிய வேளை, வீடு தன் இயல்பை மாற்றும் வேளை. குளிர்சாதனம் வைத்து இரவெல்லாம் அறையை மூடத் தொடங்கியபின், பின்கட்டை அடைத்தபின், முற்றத்தின்மேல் கூரை போட்டபின், தரை விரிந்து பிளந்தபின். நிலமும் கருதத்தக்கது: பழைய அமாங் கொட்டகை இருந்த இடத்திலோ, கருங்கல் மலைச்சரிவை வெட்டிய இடத்திலோ கட்டிய தரைவீட்டை வாங்குவோர், கைச்சாத்திடுமுன் அளந்து பார்ப்பது நலம். வெறும் ஈயக்குட்டை மணல் அத்துணை ஐயத்திற்குரியதன்று. கனமான கனிமங்களைப் பிரித்தெடுத்தபின் எஞ்சியது பெரும்பாலும் வெண்மணலே. வீட்டில் சிகரெட் பிடிப்பவர் இருந்தால் அளப்பதற்குக் காரணம் இன்னும் வலிது. அவர் அதை விடுவது எந்தச் சோதனையிலும் மேலானது என்பது வேறு.

வீடல்லாத இடமொன்றையும் சொல்லாதிருக்க முடியவில்லை. பெருங்கட்டடங்களின் நிலத்தடி வண்டி நிறுத்தங்களில் காவலராகவும் துப்புரவாளராகவும் பகலிரவு அமர்ந்திருப்போருள் நம்மவர் பலர். மண்ணுக்குள் மூன்று தளம் இறங்கிய அவ்விடங்கள், நம் நாட்டில் ஷ்னீபெர்க்கின் சுரங்கத்தை மிக நெருங்கிய அமைப்பு. மின்கட்டணம் கருதி விசிறியை நிறுத்திவைக்கும் இடத்தில் முதலில் சோதிக்க வேண்டுவது படுக்கையறையையன்று, காவற்சாவடியை. கடைவீட்டு மாடியில் கண்ணாடிக் கதவை மூடி நடத்தும் பாலர் வகுப்புகளையும், குளிரூட்டிய பள்ளிக் கணினி அறைகளையும் அதற்கு அடுத்து வைக்கலாம்.

சோதிக்கும் முறை கடினமன்று. இரண்டு வழி உண்டு. கரித்தூள் அடைத்த சிறு டப்பாவைச் சில நாள் திறந்து வைத்து, மூடி ஆய்வகத்துக்கு அனுப்புவது ஒன்று. கரி வாயுவை ஈர்த்து வைத்திருக்கும். ஆய்வகத்தார் அதன் கதிரை எண்ணுவர். விரைவில் விடை தருமாயினும் அந்தச் சில நாளின் விடையே அது. மற்றொன்று, மூக்குக்கண்ணாடி வில்லைக்குப் பயன்படும் ஒருவகைப் பிளாஸ்டிக்கின் சிறு துண்டை மூன்று மாதமோ அதற்கு மேலோ அறையில் வைப்பது. ஆல்பாத் துகள் பட்ட இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத வடு விழும். பின்னர்க் காரநீரில் இட்டு அரிக்க, வடுக்கள் குழிகளாக விரியும், நுண்ணோக்கியில் எண்ணிவிடலாம். ரேடான் நாளுக்கு நாள், மழைக்கு மழை மாறுவது. ஆதலின் நெடுஞ்சோதனையே நம்பத்தக்கது. நம் பக்கத்தில் ஏப்ரல், மே மழையும், அக்டோபர், நவம்பர் மழையும் மிகுதி. ஒரு மழைக்காலத்தையும் ஓர் உலர்காலத்தையும் தழுவி வைத்தால் ஆண்டுச் சராசரிக்கு நெருங்கும்.

வைக்குமிடம் படுக்கையறையோ கூடமோ ஆகலாம். ஈரமும் புகையும் மிக்க சமையலறையும் குளியலறையும் ஆகா. சுவரை ஒட்டி வைத்தால் சுவரிலிருந்து எழும் குற்றாயுள் தோரானும் கணக்கில் புகுந்து குழப்பும். ஓரிரு முழம் தள்ளி, மூச்சு விடும் உயரத்தில் வைப்பது முறை. விருந்தினர் வருகிறார் என்று வீட்டைத் துப்புரவு செய்வதுபோல, சோதனை நடக்கிறது என்று சன்னலைத் திறந்து வைப்போரும் உண்டு. வழக்கம்போல் வாழ்ந்து கொண்டே அளப்பதுதான் அளவு. 100க்குக் கீழெனில் கவலை வேண்டா. 300க்கு மேலெனில் மீண்டும் ஒருமுறை அளந்து, அடைத்த புழைகளைத் திறந்து, விரிசலைப் பூசி, வேண்டுமாயின் தரைக்கடியில் குழாய் இறக்கி விசிறியால் வாயுவை வெளியேற்ற வேண்டும். இடைப்பட்டதெனில், பெரும்பாலும் இரவில் ஒரு சன்னலைச் சிறிது திறந்து வைப்பதே போதும்.

கடந்த காலத்தை அளக்க முடியுமா என்னும் வினா வரலாறு கற்போர்க்கு எழும். முடியும். ரேடானின் பிள்ளைகள் எதிர்ப்பட்ட கண்ணாடியின்மேல் படிந்து, சிதையும்போது அதன் மேற்பரப்புக்குள் ஊசிபோல் புதைந்துவிடுகின்றன. அங்கே அவை காரீயத்தின் ஒரு வகையாக மாறித் தங்குகின்றன. அதன் அரையாயுள் 22 ஆண்டு. சுவீடனில் சாமுவெல்சன் என்னும் அறிஞர், பழைய கண்ணாடியில் புதைந்த அக்காரீயத்தின் வழிவந்த பொலோனியத்தை அளந்து, அவ்வீட்டார் பல்லாண்டாக மூச்சில் வாங்கிய ரேடானைக் கணித்து 1988இல் காட்டினார். இதற்குப் பெரும்பாலும் எடுப்பது புகைப்படச் சட்டத்தின் கண்ணாடியே. குடும்பம் வீடு மாறும்போதெல்லாம் அதுவும் உடன் செல்லும் என்பதால். தோட்டத்து லயன் சுவரில் தொங்கி, பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் தொங்கி, இன்று செராஸ் வரிசை வீட்டின் குளிரூட்டிய கூடத்தில் மாலையோடு தொங்கும் தாத்தாவின் படத்துக் கண்ணாடி, மூன்று வீட்டுக் காற்றையும் அவ்வாறே பதிந்து வைத்திருக்கிறது.